கயிற்றுக்குத் தெரியாமல்

ஜெசிந்தாவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் கால் தரையில் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடம் சாந்தோமில், கடற்கரையை ஒட்டி இருந்த கன்னியர் மடத்தைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் மடத்தில் இறைச்சி கிடையாது, மீன்தான். அந்த மீனைக் குப்பத்திலிருந்து அந்தோணியம்மாள் கொண்டுவருவாள். பின்கேட்டில் நின்றுகொண்டு, கூடையை இறக்காமலே சமையற்காரியோடு சண்டை போடுவாள். சண்டை முடிந்ததும் இருவரும் ஒரே வெற்றிலையைக் கிழித்து ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்வார்கள். இதைப் பார்ப்பதற்காகவே நானும் இன்னும் சில பெண்களும் இடைவேளையில் கிணற்றடிக்குப் போய் நிற்போம்.

அன்று பின்கேட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த தோட்டக்காரரைக் காணவில்லை. அந்தோணியம்மாள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த அவள் மகள், எங்கள் வயதுதான் இருக்கும், மெதுவாகப் பின்னால் போனாள். வேப்ப மரத்தடிவரை போனாள். அங்கிருந்து ஓடிவந்து என் மார்பளவு உயரமிருந்த அந்தக் கேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றாள். நின்றதும் முதல் காரியமாகக் குனிந்து பாவாடை ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"காலை ஒடிச்சி அடுப்புல வெக்கிறேன் இரு" என்றாள் அந்தோணியம்மாள், கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து.

மாடியில் நின்றிருந்த எங்கள் டிரில் மிஸ் இதைப் பார்த்துவிட்டார். ஜெசிந்தா எங்கள் வகுப்பில் சம்பளம் கட்டாமல் வந்து சேர்ந்தது அப்படித்தான். அடுத்த திங்கட்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ணெய் தடவி இழுத்துப் பின்னிய தலை, பெரிய சட்டை. கடல் காற்றில் காய்ந்த துணிக்கு ஒரு வாசனை உண்டு. பின்னாளில் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு நாள் திடீரென்று அந்த வாசனை வந்தபோது, யாரோ பக்கத்தில் உட்கார இடம் கேட்டதுபோல நான் நகர்ந்து நின்றேன்.

பாவாடையை ஏன் பார்த்தாய் என்று அவளிடம் கேட்டேன். உடனே சொல்லவில்லை. ஒரு மாதம் பழகிய பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையிலிருந்து இரண்டு வரிசை ஆட்கள் இழுப்பார்கள். கயிறு அலையிலிருந்து மணல் மேட்டுவரை விறைப்பாக, இடுப்பு உயரத்துக்கு நீண்டு கிடக்கும். கஞ்சி கொண்டுவரும் பெண்கள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகவேண்டுமென்றால் கடைசி ஆளையும் சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஆண்கள் குனிந்து போவார்கள், தாண்டுவார்கள், மிதிப்பார்கள். பெண்பிள்ளை மட்டும் கயிற்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வலையில் மீன் ஏறாது.

"எங்க நைனாக்கு கஞ்சி எடுத்துகினு வருவேன்" என்றாள் ஜெசிந்தா. "மணலு கொதிக்கும். சுத்திக்கினு போனா காலு வெந்துடும். ஒரு நாளு யாரும் பாக்கல, எகிறிட்டேன். அப்பால பயமா பூட்ச்சி. அப்பதான் ரோசன பண்ணேன். நான் தாண்டினது கயித்துக்கு எப்டித் தெரியும்? பட்டாதானே தெரியும்?"

"அதனால?"

"அதனால இன்னா? படாம எகிறினா கயித்துக்குத் தெரியாது. ஈரக் கயிறு பாரு, பட்டா பாவாடையில கோடு வுழும். கோடு இல்லன்னா நான் தாண்டவே இல்ல."

இப்படி ஒரு வாதத்தை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. ஆனால் அவள் தாண்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த உயரமெல்லாம் இதிலிருந்துதான் வந்தது. டிரில் வகுப்பில் மற்றப் பெண்கள் கயிற்றைத் தாண்டினால் போதும் என்று தாண்டுவார்கள். ஜெசிந்தா கயிற்றுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தாண்டுவாள். கயிறு தூங்குகிறது, எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டுவதற்கு இரண்டு கம்பம் நட்டு, ஆணியில் ஒரு பஞ்சுக் கயிற்றைப் போட்டு, அதன் இரண்டு முனையிலும் மணல் பை தொங்கவிட்டிருப்பார்கள். கால் இடித்தால் கயிறு ஆணியிலிருந்து நழுவி விழும். அந்தக் கயிற்றை ஜெசிந்தா நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட விழவைத்து நான் பார்த்ததில்லை. உயரம் கைக்கு மீறிப்போனால் ஓடிவந்து நின்றுவிடுவாள். இடிப்பதைவிட நிற்பது மேல் என்பது அவள் கணக்கு.

அப்படியிருந்தும் பேச்சு குப்பத்துக்குப் போய்விட்டது. ஒரு பருவம் மீன் சரியாக ஏறவில்லை. ஜெசிந்தாவின் அப்பா பேர் லூர்துசாமி. லூர்துசாமி மகள் மடத்தில் கயிறு தாண்டுகிறாள் என்று யாரோ சொல்ல, கரைவலைக்குப் பெரியவரான கோதண்டபாணி நாட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம் போட்டுவிட்டார். அவர் இந்து. குப்பத்தில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். வலை மட்டும் எல்லாருக்கும் பொது. அடுத்த நாள் வகுப்பில் ஜெசிந்தா ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டினாள்.

"இன்னா லூர்து, உம் பொண்ணு கயிறு தாண்டுதாமே?"

"ஆமா நாட்டாரே. மடத்துக் கயிறு."

"இன்னா கயிறு? நாரா, பஞ்சா?"

"பஞ்சு. கடையில வாங்கினது. மவுண்ட் ரோட்டுல."

"அதுல கடல் தண்ணி பட்டுதா?"

"மவுண்ட் ரோட்டுல ஏது நாட்டாரே கடல் தண்ணி? டிராம் வண்டிதான் போய்க்கினு கீது."

கூட்டம் சிரித்ததாம். நாட்டார் சிரிக்கவில்லை. வெகுநேரம் தாடியைத் தடவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். கடல் தண்ணீர் படாத கயிறு கயிறே இல்லை. அதை யார் வேண்டுமானாலும் தாண்டலாம். கடலில் இறங்கிய கயிறு வேறு. அதை ஜெசிந்தா தாண்டினால் லூர்துசாமி வலையில் கைவைக்கக் கூடாது.

"எங்க நைனா கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்தாரு" என்றாள். "கூட்டத்துல கும்புட்டாரு, வூட்டுக்கு வந்து என்னை ஒதைச்சாரு."

கடைசி வருஷம் படிக்கும்போது அவளுக்குக் காசிமேட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. லூர்துசாமிக்கு மறுப்பு இல்லை. நல்ல குடும்பம், சொந்தப் படகு. ஜெசிந்தா ஒரு வாரம் தினமும் இருட்டும்வரை தாண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு மாலை, மணல் பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள்:

"எனக்கு எகிறணும், ரத்னா. வேற ஒண்ணும் வேணாம். கல்யாணம் ஆனா யாரு வுடுவாங்க? டிரில் மிஸ் பாரு, தலை நரைச்சிடுச்சி, இன்னும் எகிறிக்கினு கீறாங்க. நான் டிரில் மிஸ் ஆவணும்."

அதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு மடம் அனுப்பவேண்டும். அப்போது மடத்தின் தலைவியாக இருந்த மதர் அயர்லாந்துக்காரர். கண்டிப்பானவர், கெட்டவரல்ல. அந்த வருஷம் கொழும்பில் சிலோன், பர்மா, மலேயா, மதராஸ் எல்லாம் சேர்ந்து ஒரு சர்வதேச விளையாட்டு விழா நடத்த ஏற்பாடாகியிருந்தது. பெண்களுக்கும் சில போட்டிகள் வைத்திருந்தார்கள். மதராஸ் குழுவில் ஜெசிந்தா உயரம் தாண்டுவதற்கும், நான் ஓட்டத்துக்கும் சேர்க்கப்பட்டோம். நான் ஓடுவேன், ஜெயிக்கமாட்டேன். ஊர் பார்க்கலாமே என்று போனேன். புறப்படும் முன் மதர் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, முதல் பரிசோடு வந்தால் பயிற்சிக்கு அனுப்பி மடத்திலேயே வேலையும் தருவதாகச் சொன்னார். முதல் பரிசு என்பதை இரண்டு தடவை சொன்னார். லூர்துசாமியும் அதற்கு ஒப்புக்கொண்டார். ஜெயித்தால் காசிமேட்டுக்காரர்களுக்கு அவரே போய்ப் பதில் சொல்வார். தோற்றால் தை மாதம் கல்யாணம்.

எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறியதும், தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறியதும், ஜெசிந்தா கப்பல் முழுவதும் சுற்றி ஒவ்வொரு கயிற்றையும் தொட்டுப் பார்த்து, எதையும் தாண்டாமல் வளைந்து வளைந்து நடந்ததும் இப்போதும் கண்ணில் நிற்கின்றன. அதன் பிறகு எத்தனையோ கப்பல்களில் போய்விட்டேன். எல்லாவற்றிலும் கயிறு கிடந்த இடத்தில் என் கால் தானாகத் தயங்கியிருக்கிறது.

கொழும்பில் மைதானம் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. காலையில் ஆண்களுக்கான உயரம் தாண்டுதல். அங்கே கயிறு கிடையாது, மெல்லிய மரச்சட்டம்தான். ஜெசிந்தா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். மரத்தைத் தாண்டுவதில் யாருக்கும் எந்த வழக்கும் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்குள் ஆண்கள் ஒரு சட்டத்தை ஒடித்தார்கள். மாற்றிப் போட்டதன் மேல் மலேயாவைச் சேர்ந்த ஒரு பெரிய ஆள் விழுந்து அதையும் ஒடித்தார். மூன்றாவது சட்டம் இல்லை. பிற்பகல் பெண்களுக்குப் போட்டி. விழாக்காரர்கள் துறைமுகத்துக்கு ஆளனுப்பி ஒரு கயிறு வாங்கி வந்து கம்பத்தில் போட்டார்கள்.

ஜெசிந்தா அதன் முனையைக் கையில் எடுத்தாள். முகர்ந்தாள். நகத்தால் சுரண்டி என்னிடம் காட்டினாள். தார் பூசிய கயிறு. பிரியின் இடுக்கில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"கடல்ல இருந்த கயிறு" என்றாள்.

எங்களைக் கூட்டிவந்தவர் ராஜகோபாலன். கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருபவர். அவரிடம் போனோம். விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, கயிறுன்னா கயிறுதான். கடல்ல நனைஞ்ச கயிறு, நனையாத கயிறுன்னு ரூல் புஸ்தகத்துல இல்லையே."

"எங்க குப்பத்துல கீது சார்" என்றாள் ஜெசிந்தா.

"இங்கே குப்பத்து ரூல் செல்லாதும்மா. நடுவர் வெள்ளைக்காரர். அவர்கிட்டப் போய் நான் என்னன்னு சொல்றது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். நாங்கள் திரும்பி வந்து மணலில் உட்கார்ந்தோம். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது வஞ்சிரம் ஏறும் மாதம். அவள் அப்பா அந்த நேரம் கடலில் இருப்பார்.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். "நான் ஊர்ல சொல்லமாட்டேன்."

"ஊருக்குத் தெரியாது. கயித்துக்குத் தெரியுமே."

"படாம தாண்டு. நீதானே சொல்லுவே?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அது சின்னப் புள்ளையில சொன்னது" என்றாள். ஆனாலும் எழுந்துவிட்டாள்.

முதலில் ஓடிவந்து கயிற்றுக்கு முன்னால் நின்றுவிட்டாள். இரண்டாவது தடவையும் நின்றாள். கூட்டத்தில் ஒருவன், "மதராஸ் வண்டிக்கு பிரேக் நல்லா இருக்கு" என்று தமிழில் சொன்னான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று முயற்சிதான் உண்டு. மூன்றாவது தடவை மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். கயிற்றுக்கு மேலே அவ்வளவு இடைவெளி விட்டு அவள் போனதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

அதற்குப் பிறகு அவள் தயங்கவில்லை. கயிறு ஏற ஏற அவளும் ஏறினாள். ஒவ்வொரு தடவையும் மணலிலிருந்து எழுந்து, மடத்துக் கன்னியர் தைத்துக் கொடுத்த வெள்ளை நிஜாரையும் காலையும் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். பர்மாப் பெண்கள் இருவர் தோற்றுப் போனார்கள். மலேயாப் பெண் போனாள். கடைசியில் ஜெசிந்தாவும், சிலோனைச் சேர்ந்த ஒரு பறங்கிப் பெண்ணும் நின்றார்கள். நீண்ட கால், செம்பட்டை முடி. அவள் நல்ல பெண். ஜெசிந்தா தாண்டும்போதெல்லாம் கைதட்டினாள்.

கயிற்றை நாலடி எட்டங்குலத்துக்கு ஏற்றினார்கள். பறங்கிப் பெண் மூன்று தடவையும் கயிற்றை இடித்துக்கொண்டு விழுந்தாள். ஜெசிந்தா தாண்டினால் முதல் பரிசு. முதல் இரண்டு முயற்சியிலும் ஓடிவந்து நின்றாள், உயரம் சரியாகப் படவில்லை. மூன்றாவது முயற்சியில் எழும்பினாள். முன்கால் போனது, இடுப்பு போனது, பின்கால் போனது. கயிறு லேசாக நடுங்கியது. விழவில்லை. நடுவர் வெள்ளைக்கொடியைத் தூக்கினார்.

ராஜகோபாலன் தலைப்பாகையைக் கழற்றி வீசினார் என்று சொன்னபோது பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பவில்லை. நான் பார்த்தேன். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்வதற்குள் அவள் நடுவரிடம் நடந்துபோய்விட்டாள். வலது குதிகாலைத் தூக்கிக் காட்டினாள். தார் பட்டு ஒரு கருப்புக் கோடு.

"டச், சார்" என்றாள்.

நடுவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்து, பட்டால் பரவாயில்லை, விழாமல் இருந்தால் போதும் என்று விளக்கினார். ராஜகோபாலன் அதைத் தமிழில் சொன்னார். பிறகு கெஞ்சிச் சொன்னார். அவள் காலைக் கீழே வைக்கவில்லை.

"டச், சார். தாண்டல."

தாண்டியவளே தாண்டவில்லை என்றால் நடுவர் என்ன செய்வார்? கொஞ்சநேரம் மற்ற நடுவர்களோடு பேசிவிட்டுக் கொடியை மாற்றினார். இருவரும் ஒரே உயரம் என்றால், குறைந்த முயற்சியில் தாண்டியவருக்கு முதலிடம் என்று அங்கே வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் ஜெசிந்தா கயிற்றின் முன் நின்றுவிட்ட முயற்சிகள் கணக்கில் வந்தன. முதல் பரிசு பறங்கிப் பெண்ணுக்குப் போனது. இரண்டாம் பரிசுப் பதக்கத்தை ஜெசிந்தா கழுத்திலிருந்து கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். திரும்பி வரும்போது கப்பலில் மீண்டும் வளைந்து வளைந்து நடந்தாள். நான் அவளோடு பேசவில்லை. கோபம்தான்.

குப்பத்துக்கு அவளைக் கொண்டுபோய் விட்டவள் நான். லூர்துசாமி வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கோதண்டபாணி நாட்டாரும் அங்கே இருந்தார். நடந்ததை நான் சொன்னேன். குப்பத்தின் பேரைக் காப்பாற்றினாள் என்று அவளைத் தட்டிக்கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் கேட்டு முடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சிலோன் கயிறா?" என்றார் நாட்டார்.

"ஆமாம்."

"சிலோன் கயித்துக்கும் நம்ம வலைக்கும் இன்னா சம்பந்தம்?"

"கடல் தண்ணி பட்ட கயிறுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நம்ம கடலு தாயே. அது அவுங்க கடலு. அங்க மீன் ஏறலன்னா அவுங்களுக்குத்தானே நஷ்டம்? நமக்கு இன்னா போச்சி?"

லூர்துசாமி சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கய்தே, கய்தே. அத்தினி தூரம் போயி, பரிசைக் கையில வாங்கி, திருப்பிக் குடுத்துட்டு வந்துகீது பாரு." பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உனக்காவச் சொன்னேன்னு நெனைக்கிறியா?" என்றாள். "பட்டுச்சி நைனா. கால்ல பட்டுச்சி. பட்டா அது எகிறினது இல்ல. எந்தக் கடலா இருந்தா இன்னா?"

லூர்துசாமி வலையைக் கீழே போட்டுவிட்டு, சட்டையில்லாத உடம்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு அப்போதே மடத்துக்குப் புறப்பட்டார். அவர் மதராஸ் கவர்னரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன். மடத்து முன்வாசலை அவர் அதுவரை மிதித்ததில்லை. மதர் முன்னால் நின்று, தோற்றது மகள் தப்பல்ல, தன் தப்பு, நாட்டார் தப்பு, பயிற்சிக்கு அனுப்பவேண்டும் என்றார். நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். மதர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நடுவர் கொடுத்ததை அவளே வேண்டாம் என்றாள். அதை நான் எப்படிக் கொடுப்பது?"

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அந்தோணியம்மாள் அப்படி நினைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மடத்துக்கு வஞ்சிரம் வரவில்லை. முள்வாளை வந்தது. தலைமயிர் மாதிரி முள் அடர்ந்த மீன். சமையற்காரி சண்டை போட்டாள். "கடல்ல வேற மீனு இல்ல தாயே" என்றாள் அந்தோணியம்மாள். அதற்கடுத்த வெள்ளியும் முள்வாளை. மற்ற மீன்காரிகள் அந்தக் கேட்டுப் பக்கம் வரவில்லை, குப்பத்தில் சொல்லி வைத்திருந்தாள். குப்பத்தில் எல்லார் வீட்டிலும் வஞ்சிரம் வறுபடும் வாசனை மடத்து மாடிவரை வந்தது. அயர்லாந்துக்காரருக்கு முள் எடுத்துச் சாப்பிடத் தெரியாது. வெள்ளிக்கிழமை இரவு அவர் கஞ்சியோடு படுப்பதாகப் பேச்சு. "மதர் எப்டிக் கீறாங்க? தொண்டையில ஒண்ணும் இல்லியே?" என்று அந்தோணியம்மாள் வாராவாரம் அன்பாக விசாரித்துவிட்டு, "எம் பொண்ணு விஷயம் கேட்டேன்னு சொல்லு" என்று சேர்த்துக்கொள்வாள். லூர்துசாமி பிடிகொடுக்காததால் காசிமேட்டுக்காரர்கள் தை வரை பொறுத்துப் பார்த்து, மாசியில் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த யுத்தம் எப்படி முடிந்தது என்று பார்க்க நான் ஊரில் இல்லை. அத்தையோடு ரங்கூன் போனேன். அங்கிருந்து பினாங்கு. பிறகு நர்சுப் பயிற்சிக்கு லண்டன். ஒரு இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். போன மாதம் திரும்பி வந்தேன். லஸ் முனையில் டிராம் அப்படியே திரும்புகிறது. தியாகராய நகர்ப் பக்கம் ஏரி இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. எங்கே போனாலும் ஏதோ ஒன்றைத் தேடுவதுபோல இருந்தது. மூன்றாம் நாள் குப்பத்துக்குப் போனேன். அந்தோணியம்மாள் என்னைக் கண்டதும், "வா தாயே, இன்னா இப்டி எளைச்சிட்டே, அந்த ஊர்ல மீனே இல்லியா?" என்றாள். ஜெசிந்தா கோபாலபுரத்தில் இருக்கிறாள் என்றாள்.

பழைய பங்களா ஒன்றில் நடக்கும் சின்னப் பள்ளிக்கூடம். மதர் கடைசியில் பயிற்சிக்கு அனுப்பவில்லை. அவர் விட்டுக்கொடுக்கிறவர் அல்ல. ஆனால் கோபாலபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிபாரிசு எழுதிக்கொடுத்தார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மடத்துக்கு முழு வஞ்சிரம் போனது. பயிற்சிச் சான்றிதழ் இல்லாததால் ஜெசிந்தாவைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று சொல்வதில்லை. டிரில் அக்கா என்கிறார்கள். சம்பளமும் அக்காவுக்கு உரியதுதான். போன வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை டிராம் டெப்போவில் வேலை.

"அவருகிட்ட கயிறே கெடையாது" என்றாள். "எல்லாம் இரும்பு."

புங்க மரத்தடியில் சின்னப் பெண்கள் வரிசையாக நின்று கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சுவரோரம் உட்கார்ந்தோம். புடவை கட்டியிருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. நான் போன ஊர்க் கதையெல்லாம் சொன்னேன். பனியைப் பற்றி, பூமிக்கு அடியில் ஓடும் ரயிலைப் பற்றி. அவள் தலையாட்டிக் கேட்டாள், கண் பெண்கள் மேலேயே இருந்தது. லண்டனில் பல நாட்டுப் பெண்கள் கூடிய ஒரு பெரிய விளையாட்டு விழாவுக்குப் போனதைச் சொன்னேன். அப்போதுதான் திரும்பினாள்.

"உயரம் எகிறினாங்களா?"

"எகிறினாங்க. எல்லாம் நெட்டை நெட்டையாப் பொண்ணுங்க. கயிறு இல்லை, சட்டம்தான்."

"எவ்ளோ ஒசரம்?"

"அஞ்சடிக்கு மேல."

கீழே கிடந்த கரித்துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் எழுந்து, நினைவிலிருந்து பார்த்துச் சுவரில் ஒரு கோடு போட்டேன். அவள் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கோடு அவள் தலை உச்சிக்குச் சற்றுக் கீழே, நெற்றியில் வந்தது. ஒரு பெண் தன் தலையளவு உயரத்தைத் தாண்டுவாள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"எந்தக் கால்ல எழும்பினா?"

"யாரு?"

"அந்தப் பொண்ணு. ஜெயிச்சவ. கயிறு கிட்டக்க இருக்கற காலா, தள்ளி இருக்கற காலா?"

எனக்குத் தெரியவில்லை. நினைவுபடுத்திப் பார்த்தேன். ஜெயித்த பெண்ணின் பச்சை ரிப்பன் ஞாபகம் இருந்தது. மழை தூறியது ஞாபகம் இருந்தது.

"பாக்கலை" என்றேன்.

"நேரா வந்தாளா, பக்கவாட்டுல வந்தாளா?"

"பக்கவாட்டுலதான்னு நினைக்கிறேன்."

"நெனைக்கிறாளாம்." ஜெசிந்தா இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள். "கப்பலேறிப் போயி, ஒலகத்தைச் சுத்தி, முன்னாடி ஒக்காந்து பாத்துட்டு வந்து, எந்தக் கால்ன்னு பாக்கலியா? உன்னை அனுப்பினதுக்கு எங்க அம்மாவை அனுப்பியிருக்கலாம். மீனையாவது பாத்துச் சொல்லும்."

பெண்கள் வரிசை கலைந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை. சுவரிலிருந்து சாய்வாகப் பின்னால் நடந்தாள், எதையோ வாய்க்குள் கணக்குப் பார்த்துக்கொண்டு. நின்றாள். இடது காலை ஊன்றி அழுத்திப் பார்த்தாள். பிறகு வலது காலை. அங்கிருந்து கோட்டை இன்னொரு தடவை பார்த்தாள். குப்பத்துப் பெண்கள் அலையில் இறங்கும்போது செய்வதுபோலப் புடவையை வாரிப் பின்னால் இழுத்துச் செருகினாள்.

"எந்தக் கால்ன்னு நானே பாத்துக்கறேன்" என்றாள். "நீ போய் அந்த மரத்தடியில கெடக்கற மூங்கிலை எடுத்துகினு வா. பசங்களை ஓரமா நிக்கச் சொல்லு."